உலகுக்கு ஆதிகாரணர் உண்டோ?
தத்துவ போதகர் தெ நொபிலி சுவாமிகளின் வாழ்வு நமக்குத் தரும் பாடம்



இந்தப் பிரபஞ்சம் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருவெடிப்போடு தொடங்கியது என்று உங்கள் பிள்ளை பாடசாலையில் படிக்கிறான். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலோ, உலகைக் கடவுள் படைத்தார் என்று கேட்கிறான். இரண்டில் எது உண்மை என்று அவன் உங்களிடம் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? இதெல்லாம் கேட்கக் கூடாது என்று அதட்டி அனுப்புகிற பெற்றோர் உண்டு. எல்லாம் சுவாமியார் சொல்வார் என்று தட்டிக் கழிப்பவர்களும் உண்டு. ஆனால் அப்படி விடை கிடையாமல் வளர்கிற பிள்ளை, படித்து முடித்துப் பதுளைக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போனபின், விசுவாசம் என்பது சிறுவயதுக் கதை என்ற எண்ணத்தோடு கோவில் வாசலை மறந்துவிடக்கூடும். ஆகவே இது சிறிய கேள்வியன்று.

இந்தக் கேள்வி தமிழ் மொழிக்குப் புதியதுமன்று. ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன், மதுரை நகரில், ஓர் இத்தாலியக் குருவும் ஒரு தமிழ்ப் பள்ளி ஆசிரியரும் இதைக் குறித்து நாள்தோறும் அமர்ந்து வாதாடினார்கள். அந்தக் குருவே தத்துவ போதகர் என்று நம் முன்னோர் போற்றிய இராபர்ட் தெ நொபிலி சுவாமிகள். அவருடைய வாழ்வை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் ஊவாவின் தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டன் பூட்டன்மார் பலர், அவர் நடந்து திரிந்த மதுரை, திருச்சி, சேலம் சீமைகளிலிருந்தே புறப்பட்டவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகக் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து மலையேறியவர்களில் கத்தோலிக்கராய் இருந்தோர், அந்த மதுரை மிசனின் விசுவாசத்தையும் செபங்களையுமே தங்கள் மூட்டையோடு சுமந்து வந்தார்கள்.

நொபிலி சுவாமிகள் 1577 ஆம் ஆண்டு இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர். கர்தினால் பெல்லார்மீன் அவருடைய குடும்பத்துக்கு உறவினர். பட்டம், பதவி, சொத்து எல்லாம் அவருக்குக் காத்திருந்தன. அவரோ வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாக இயேசு சபையில் சேர்ந்தார். குருத்துவப் படிப்பில் தத்துவ சாஸ்திரமும் இறையியலும் ஆழமாகக் கற்றார். 1604 இல் லிஸ்பனில் கப்பலேறி, 1605 ஆம் ஆண்டு மே மாதம் கோவா வந்து சேர்ந்தார். மறு ஆண்டு நவம்பரில் மதுரையில் கால் வைத்தார்.

அங்கே அவர் கண்டது என்ன? அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற குரு 1595 முதல் மதுரையில் இருந்தார். நல்லவர், உழைப்பாளி. ஆயினும் நகர மக்களில் எவரும் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை. காரணம், கிறிஸ்தவ வேதம் பரங்கிகளின் வேதம் என்ற எண்ணம். மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, தோல் காலணியோடு நடக்கும் அந்நியரின் கூட்டத்தில் சேர்வதே வேதத்தில் சேர்வது என்று மக்கள் நினைத்தார்கள்.

நொபிலி சுவாமிகள் யோசித்தார். கிறிஸ்து பரங்கிகளுக்கு மட்டும் உரியவரல்லரே! அவர் கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தினார். மண்சுவர்க் குடிசையில் குடியேறினார். பாதக்குறடு அணிந்தார். இறைச்சியும் மீனும் விட்டு, நாளுக்கு ஒருவேளை சோறும் காய்கறியும் உண்டார். தமிழைப் பிழையறக் கற்றார். தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்ற பிராமண அறிஞரிடம் சமஸ்கிருதம் பயின்றார். பேச வந்தவர்களோடு அவர்களுடைய நூல்களைக் கொண்டே பேசினார்.

மதுரையில் அவர் தங்கிய தொடக்க காலத்தில்தான் அந்தப் பெரிய உரையாடல் நடந்தது. அங்கிருந்த ஒரு பள்ளி ஆசிரியர், சைவ சித்தாந்தம் கற்றவர், அவரிடம் வந்து வாதித்தார். நாளுக்கு நான்கைந்து மணி நேரம், சுமார் இருபது நாட்கள் அந்த வாதம் நீடித்ததாக வரலாறு கூறுகிறது. எதைப்பற்றி வாதித்தார்கள் தெரியுமா? கடவுள் ஒருவரா, உலகம் எதிலிருந்து வந்தது, ஆன்மா மறுபிறவி எடுக்குமா என்பவற்றைப்பற்றித்தான்.

அன்பர்களே, உங்கள் அயலில் வாழும் சைவ மக்களின் கொள்கையை நீங்கள் மதிப்போடு அறிந்திருக்க வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965 இல் மற்றச் சமயங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று நமக்குக் கற்பித்திருக்கிறது. சைவ சித்தாந்தத்தின்படி பதி, பசு, பாசம் என மூன்றும் தொடக்கமில்லாதவை. பதி இறைவன், பசு ஆன்மா, பாசம் ஆன்மாவைக் கட்டும் தளை. பாசத்தில் ஒன்றாகிய மாயையிலிருந்து இறைவன் உலகைத் தோற்றுவிக்கிறார். குயவன் களிமண்ணை எடுத்துப் பானை வனைவது போல என்பது அவர்கள் காட்டும் உவமை. குயவன் இல்லாமல் பானை இல்லை. களிமண் இல்லாமலும் பானை இல்லை. இல்லாத ஒன்றிலிருந்து எதுவும் தோன்றாது என்பது அவர்களின் அடிப்படை நியாயம். இது எளிதில் தள்ளிவிடக் கூடிய நியாயமன்று. உலகுக்கு ஒரு கர்த்தா வேண்டும் என்பதில் அவர்களும் நாமும் ஒன்றே என்பதையும் மறக்கலாகாது.

வேறுபாடு எங்கே? களிமண்ணைப் பற்றித்தான். நொபிலி சுவாமிகள் எடுத்துக்காட்டிய நியாயத்தை நமக்கு விளங்கும் வகையில் இப்படிச் சொல்லலாம். குயவனுக்குக் களிமண் தேவைப்படுவது அவனுடைய வல்லமைக்கு எல்லை உண்டு என்பதனால். அவன் மண்ணை உண்டாக்குவதில்லை, மண்ணுக்கு உருவம் மட்டுமே கொடுக்கிறான். இறைவனும் அப்படியே முன்பிருந்த ஒரு பொருளை எதிர்பார்த்திருந்தால், அந்தப் பொருள் அவரால் உண்டானதன்று; தன்னால் தானே இருப்பது. அப்படியானால் தாமாக இருப்பது என்ற தெய்வ இலட்சணம் அந்தப் பொருளுக்கும் வந்துவிடும். அதன்பின் இறைவனை எல்லாவற்றுக்கும் மேலானவர் என்று எப்படிச் சொல்வது? ஆகையால் எல்லாம் வல்லவர் எந்த மூலப்பொருளும் இன்றியே படைக்க வல்லவர். ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார் என்று நாம் சொல்வதன் பொருள், ஒன்றுமில்லாமை என்ற ஏதோ சரக்கை எடுத்து உலகைச் செய்தார் என்பதன்று. எதையும் எடுக்காமல், தம் சித்தத்தினாலேயே இருப்பைக் கொடுத்தார் என்பதுதான். 1215 இல் நடந்த நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இதை விசுவாச சத்தியமாகவே அறிக்கையிட்டது.

அந்த ஆசிரியர் இறுதியில் திருமுழுக்குப் பெற்று ஆல்பர்ட் என்ற பெயர் ஏற்றார். அவரைத் தொடர்ந்து வேறு சிலரும் சத்தியத்தை ஏற்றனர்.

கடவுளை எந்தப் பெயரால் அழைப்பது என்பதிலும் சுவாமிகள் கருத்தாயிருந்தார். முத்துக்குளித்துறைப் பக்கத்தில் முன்னைய குருக்கள் தம்பிரான் என்ற சொல்லை வழங்கினர். நொபிலி சுவாமிகள் சர்வேசுரன் என்ற சொல்லைக் கையாண்டார். அனைத்துக்கும் ஆண்டவர் என்பது அதன் பொருள். தோட்டத்து லயங்களில் மாலைச் செபம் சொன்ன நம் பாட்டிமார் வாயில் பல தலைமுறைகளாக வாழ்ந்த சொல் அது. பழைய ஞானோபதேச வகுப்பில் மனப்பாடமாகப் படித்த ஆறு தேவ இலட்சணங்களை உங்களில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். கடவுள் தாமாக இருக்கிறார் என்பது அவற்றில் முதலாவது. எல்லாவற்றிற்கும் அவரே ஆதிகாரணம் என்பது கடைசி. எழுத்தறியாத கூலித் தொழிலாளியும் அறிந்திருந்த இந்த இரண்டு வார்த்தைகளில், பேரறிஞர்கள் ஆராய்ந்த ஒரு பெரிய தத்துவம் அடங்கியிருக்கிறது.

ஆனால் சுவாமிகளின் பாதை முள்ளில்லாத பாதையாக இருக்கவில்லை. எதிர்ப்பு முதலில் வந்தது வெளியிலிருந்தன்று, சொந்த வீட்டிலிருந்துதான். காவி உடையும் குடுமியும் பூணூலும் புறச்சமய அடையாளங்கள், அவற்றை அனுமதிப்பது வேதத்தைக் கெடுப்பது என்று 1610 இல் உடன் குருவாகிய பெர்னாந்தஸ் மேலிடத்துக்கு முறையிட்டார். கோவா மேற்றிராணியாரும் எதிர்த்தார். கொடுங்கல்லூர் மேற்றிராணியார் பிரான்சிஸ் ரோஸ் ஆண்டகையோ அவருக்குத் துணை நின்றார். 1619 இல் கோவாவில் கூடிய மாநாட்டில் பலர் அவருக்கு விரோதமாகவே பேசினர். பதின்மூன்று ஆண்டுகள் இந்த வழக்கு நீண்டது. அவர் கோபித்துச் சபையை விட்டுப் போகவில்லை. நியாயங்களை எழுதி உரோமைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். 1623 ஆம் ஆண்டு சனவரி 31 ஆம் திகதி பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், மூடபக்தி நீக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்த வழக்கங்களை அனுமதித்துத் தீர்ப்பளித்தார்.

அதன்பின் அவர் சேலம், திருச்சிப் பகுதிகளுக்குக் கால்நடையாகச் சென்று போதித்தார். 1640 இல் மதுரையில் சிறையிலும் அடைக்கப்பட்டார். ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷண திக்காரம் முதலிய நூல்களைத் தமிழ் உரைநடையில் எழுதினார். தத்துவ விஷயங்களைத் தமிழ் உரைநடையில் இவ்வளவு விரிவாக எழுதியது அந்நாளில் அரிய செயல். இந்த நூல்களை 1960களில் இயேசு சபைக் குரு ச. இராசமாணிக்கம் அடிகள் தூத்துக்குடியிலிருந்து பதிப்பித்து நமக்குத் தந்தார்.

நம் நாட்டுக்கும் அவருக்கும் நேரடியான தொடர்பு உண்டு. 1640களின் நடுப்பகுதியில், முதுமையும் கண்பார்வைக் குறைவும் வாட்டிய நிலையில், மேலாளர்கள் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். தாம் உயிரைக் கொடுத்து வளர்த்த மதுரையை விட்டுப் பிரிவது அவருக்கு எவ்வளவு கசப்பாயிருந்திருக்கும்! ஆயினும் கீழ்ப்படிந்தார். சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் இருந்தபின் மயிலாப்பூருக்குச் சென்று, அங்கே ஒரு மண்குடிசையில் எளிய உணவோடு வாழ்ந்தார். ஏறக்குறைய பார்வை இழந்த நிலையிலும் நூற்பணியை விடவில்லை. 1656 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார்.

வாசகர்களே, பெரியவர்களின் வாழ்வை எழுதும்போது அவர்களின் குறையை மறைப்பது உண்மைக்கு அழகன்று. மதுரையில் நிலவிய சாதி வேற்றுமையைச் சுவாமிகள் சமூக வழக்கமாகக் கருதி, கிறிஸ்தவர்களானவர்களும் அதைக் கைக்கொள்ள இடமளித்தார். தாழ்த்தப்பட்ட மக்களிடையே பணிபுரிய, 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற வேறொரு குருக்கள் வகுப்பு ஏற்பட வேண்டியதாயிற்று. அந்தப் பிரிவினையின் வடு கோவில்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் நெடுங்காலம் நீடித்தது. அது கப்பலேறி நம் தோட்டங்களுக்கும் வந்தது. கங்காணி வீட்டுக்கும் லயத்துக்கும், லயத்துக்கும் லயத்துக்கும் இடையே நின்றது. அவர் போதித்த சத்தியமோ அவருடைய நடைமுறையைவிடப் பெரியது. எல்லாருக்கும் ஆதிகாரணர் ஒருவரே என்றால், பிறப்பிலே மேல், பிறப்பிலே கீழ் என்று சொல்ல எவருக்கு உரிமை? படைப்பைப் பற்றிய விசுவாசத்தை உதட்டில் வைத்துக்கொண்டு, பெண் எடுக்கவும் கொடுக்கவும் சாதி பார்க்கிற குடும்பம், விசுவாசப் பிரமாணத்தின் முதல் வரியையே மறுக்கிறது என்பதை நாம் உணர வேண்டும்.

இனி, உங்கள் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். பெருவெடிப்பு என்கிறார்களே, அது என்ன?

அதற்கும் ஒரு கத்தோலிக்கக் குருவே வழிகாட்டினார் என்பது பலருக்குத் தெரியாது. பெல்ஜிய நாட்டில் சார்லரோவா என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் 1894 இல் பிறந்த ஜோர்ஜ் லெமேத்தர் அடிகள் அவர். பெல்ஜியம் நமக்கு அந்நியமான நாடன்று. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1893 இல் கண்டியில் ஏற்படுத்திய குருமடத்தை நடத்தியவர்கள் பெல்ஜிய இயேசு சபைக் குருக்களே. அக்குருமடம் 1955 இல் இந்தியாவின் பூனாவுக்கு மாற்றப்பட்டது. லெமேத்தர் அடிகள் இயேசு சபையினர் அல்லர். அவர் 1923 இல் குருப்பட்டம் பெற்றார். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை ஆராய்ந்து, பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927 இல் எழுதினார். விரிந்துகொண்டு போவது முன்பு ஒடுங்கியிருந்திருக்க வேண்டுமல்லவா? 1931 இல், ஆதியில் எல்லாம் ஒரே அணுவைப் போல் செறிந்திருந்தது என்ற கருத்தை வெளியிட்டார். அந்த ஆதி வெப்பத்தின் எஞ்சிய கதிர்வீச்சை அமெரிக்காவில் இரு விஞ்ஞானிகள் 1964 இல் கண்டுபிடித்தனர். 1966 ஆம் ஆண்டு சூன் மாதம் இறப்பதற்குச் சிறிது முன் அந்தச் செய்தி அடிகளுக்கு எட்டியது.

இங்கே கவனியுங்கள். 1951 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், இந்தப் புதிய விஞ்ஞானம் படைப்பின் சத்தியத்துக்குச் சாட்சியம் கூறுவது போல் உரையாற்றினார். விசுவாசிகள் மகிழ்ந்தனர். லெமேத்தர் அடிகளோ மகிழவில்லை. தமது கொள்கை பௌதிகவியலைச் சேர்ந்தது, அதைக் கொண்டு கடவுளை நிரூபிக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம் என்பதே அவருடைய உறுதியான நிலை. ஏன்? இன்றைய விஞ்ஞானக் கொள்கை நாளை திருத்தப்படலாம். அதன்மேல் விசுவாசத்தைக் கட்டினால், அது சரியும்போது விசுவாசமும் சரியும். மறு ஆண்டு வானவியலாளர்களிடம் பேசியபோது பாப்பரசர் அந்தக் கருத்தை மீண்டும் எடுத்துரைக்கவில்லை.

அப்படியானால் உலகம் தொடங்கியது எப்படி என்ற கேள்வியும், உலகுக்குக் காரணர் உண்டா என்ற கேள்வியும் ஒன்றல்ல. புனித தோமாஸ் அக்குயினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இதைப் பிரித்துக் காட்டினார். உலகுக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் உண்டு என்பதை வெறும் பகுத்தறிவால் நிரூபிக்க முடியாது, அது விசுவாசத்தால் அறிவது. ஆனால் உலகம் ஒரு காரணரைச் சார்ந்தே இருக்கிறது என்பதைப் பகுத்தறிவும் காணும் என்றார் அவர்.

நம் ஊர் உதாரணத்தால் பார்ப்போம். பழைய தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்திருப்பீர்கள், நம்மவர் ஸ்டோர் என்பார்களே, அதுதான். கொழுந்தை அரைக்கும் ரோலர் சுற்றுகிறது. அதைச் சுற்றுவது பெல்ட். பெல்ட்டை இழுப்பது கூரைக்குக் கீழே ஓடும் நீண்ட இரும்புத் தண்டு. தண்டைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றால், எத்தனை சக்கரங்களை வரிசையாகக் கோர்த்து வைத்தாலும் ஒன்றும் அசையாது. சக்கரங்கள் நேற்றுச் சுற்றத் தொடங்கினவா, நூறு ஆண்டுகளாகச் சுற்றுகின்றனவா என்பது வேறு விஷயம். இந்த நிமிடம் அவை சுற்றுவதற்கே, பிறிதொன்றிலிருந்து சுழற்சியைக் கடன் வாங்காத ஒன்று வேண்டும். எஞ்சினுக்கும் எண்ணெயோ நீரோ வேண்டுமே என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்பான். சரியான கேள்வி! எந்த உவமைக்கும் எல்லை உண்டு. உலகத்துப் பொருள் எல்லாமே இருப்பைக் கடன் வாங்கி இருப்பவைதான். கடன் வாங்குகிறவர்களை மட்டும் எத்தனை பேர் வரிசையாக நிறுத்தினாலும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தீராது. சொந்தமாகவே உடையவர் ஒருவர் வேண்டும். இருப்பைத் தமக்குச் சொந்தமாகவே உடையவரைத்தான் தாமாக இருக்கிறவர் என்கிறோம். கடவுளை யார் படைத்தார் என்ற கேள்வி அவரிடத்தில் செல்லாததற்கும் காரணம் இதுவே. அவர் வரிசையில் முதலாவது சக்கரமல்லர். வரிசை முழுவதையும் தாங்குகிறவர்.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை கேட்கும்போது அஞ்ச வேண்டாம். விஞ்ஞான ஆசிரியர் சொல்வது, உலகம் எப்படி விரிந்து வளர்ந்தது என்பது. விசுவாசம் சொல்வது, அது இல்லாமல் போகாமல் ஏன் இருக்கிறது, யாருடைய அன்பினால் இருக்கிறது என்பது. முன்னதை அவன் நன்றாகவே படிக்கட்டும். ஒரு குருவே அதற்கு வழி திறந்தார் என்றும் சொல்லுங்கள். பின்னதை நீங்கள் அவனோடு அமர்ந்து பேசுங்கள். நொபிலி சுவாமிகள் ஒரு பள்ளி ஆசிரியருக்காக இருபது நாட்களை, நாளுக்கு நான்கைந்து மணி நேரத்தைச் செலவிட்டார். கேள்வி கேட்டவரை அவர் அதட்டவில்லை. அவருடைய மொழியைக் கற்று, அவருடைய நியாயத்தைக் கேட்டு, பிறகே பதில் சொன்னார்.

பேரட்டுக்கு விடியுமுன் எழுந்து, மலையேறி இறங்கிக் களைத்து வரும் உங்களுக்கு இருபது நாள் வாதாட நேரம் இராது. ஆயினும் இரவுச் செபத்துக்குப் பின் கால் மணி நேரம் உண்டல்லவா? நமுனுகுல மலைக்கு மேலே விண்மீன்கள் தெரியும் தெளிவான இரவொன்றில் பிள்ளையை வாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவற்றின் ஒளி எத்தனையோ ஆண்டுகள் பயணம் செய்து வந்ததென்று அவன் உங்களுக்குச் சொல்லட்டும். அந்த ஒளிக்கும், அதைக் காணும் கண்ணுக்கும், கேள்வி கேட்கும் அறிவுக்கும் ஆதிகாரணர் ஒருவரே என்று நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள். நம் முன்னோர் மூட்டையில் சுமந்து வந்த சொத்து இது. நம் தலைமுறையில் அது கைதவறிப் போக விடலாகாது.